இதில் என்ன அதிசயம்?

விடுகதைக்கு ஒரு குணம் உண்டு. விடை தெரியாத வரையில் அது மலையாக நிற்கும். விடையைச் சொன்ன மறு நிமிஷம், "ப்பூ, இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குவோம். அதுவரை விழித்துக்கொண்டிருந்தவர்தாம் எல்லாரையும்விட உரக்கச் சொல்வார்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கும் இதே கதிதான். அவன் சர்க்காரிடம் போய், "என் அனுமதி இல்லாமல் இருபது வருஷத்துக்கு வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது என்று எனக்கு உரிமை கொடுங்கள்" என்று கேட்கிறான். அதுதான் பேட்டண்ட். சட்டம் அவனை மூன்று கேள்விகள் கேட்கிறது. இது புதியதா? பிரயோஜனமுள்ளதா? இந்தத் தொழில் தெரிந்த சாதாரண மனிதனுக்கும் இது தானாகவே தோன்றியிருக்குமா? முதல் இரண்டு கேள்விகளுக்குப் பழைய ஏடுகளையும் பொருளையும் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவது கேள்விதான் வம்பு. ஏனென்றால், அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் விடுகதையின் விடையை ஏற்கெனவே தெரிந்துகொண்டவர்கள்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். டாக்டர்கள் அணிகிற ரப்பர் கையுறை எல்லாருக்கும் தெரிந்தது. கிருமிநாசினி மருந்தும் தெரிந்தது. ஒருவர் கையுறையிலேயே கிருமிநாசினியைச் சேர்த்து, "இது என் கண்டுபிடிப்பு" என்கிறார். தெரிந்த இரண்டைச் சேர்த்ததற்கு ஏகபோக உரிமையா? அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் இத்தகைய கையுறைகளுக்குப் பேட்டண்டுகள் வழங்கப்பட்டன. அப்படி ஒரு விண்ணப்பம் நம் முன்னால் வந்தால் என்ன சொல்வது? சட்டென்று பதில் சொல்லுமுன் இந்தக் கையுறையின் பூர்வோத்தரத்தைக் கேட்டுவிடுவது நல்லது. அதிலேயே பாதி நியாயம் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889-ஆம் வருஷம் திறக்கப்பட்டது. அங்கே ரண சிகிச்சைப் பகுதியை நடத்தியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். கிருமிகளால்தான் புண் சீழ் பிடிக்கிறது என்பது அப்போது மருத்துவர்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. இங்கிலாந்தின் லிஸ்டர் 1867-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். ஆகையால் ஹால்ஸ்டெட்டின் கூடத்தில் கத்தியைத் தொடுகிறவர்கள் எல்லாரும் பாதரசக் குளோரைடு என்ற கடுமையான கரைசலில் கைகளை முக்கிக் கழுவுவார்கள். அந்தக் கூடத்தின் தலைமை நர்ஸ் காரொலைன் ஹாம்ப்டன். அந்தக் கரைசல் அந்த அம்மாளின் கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. வேலையை விட்டுவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை என்ற நிலைமை.

ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி, பரீட்சார்த்தமாக இரண்டு ஜோடி மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்யச் சொன்னார். கை தப்பியது, வேலையும் தப்பியது. 1890 ஜூன் மாதம் அந்த நர்ஸ் டாக்டருக்கே மனைவியானாள். இந்தக் காதல் கதையை மருத்துவ உலகம் இன்றும் ரசித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் கதையின் ருசிகரமான பாகம் கல்யாணத்துக்குப் பிறகுதான் வருகிறது. ஒரு நர்ஸின் தோலை மருந்திலிருந்து காப்பாற்றத்தான் கையுறை வந்தது. நோயாளியைக் கிருமியிலிருந்து காப்பாற்ற அல்ல! கருவிகளை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்கள் அதை மாட்டிக்கொண்டார்கள். பழகப் பழக, வெறுங்கையைவிடக் கையுறையே அவர்களுக்குச் சௌகரியமாகிவிட்டது. கத்தி பிடித்த டாக்டரோ எப்போதாவதுதான் அணிந்தார். கையில் கிருமி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கையை மூடக்கூடிய உறை மேஜைமேலேயே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு இழுக்க ஐந்தாறு வருஷம் ஆயிற்று. அவருடைய சீடர் ஜோசப் பிளட்குட் என்பவர்தாம் 1890-களின் பிற்பகுதியில் ஒவ்வொரு ரண சிகிச்சைக்கும் தவறாமல் கையுறை அணியத் தொடங்கினார். 1899-ல், குடலிறக்கத்துக்குச் செய்த நானூற்றுக்கு மேற்பட்ட சிகிச்சைகளின் கணக்கைப் பிரசுரித்து, சீழ் பிடிப்பது எவ்வளவு குறைந்துவிட்டது என்று அவர் காட்டினார். பிற்காலத்தில் ஹால்ஸ்டெட், அத்தனை வருஷம் இது கண்ணில் படாமல் எப்படிக் குருடர்களாக இருந்தோம் என்று தாமே எழுதி வியந்திருக்கிறார்.

"இதில் என்ன அதிசயம்?" என்று கேட்க வாய் வரும்போதெல்லாம் இந்த ஐந்தாறு வருஷத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த ரண சிகிச்சை நிபுணர்களில் ஒருவர், எல்லாம் கையருகில் இருந்தும் காணவில்லை.

அப்படியானால் சேர்த்தவனுக்கெல்லாம் உரிமையைத் தூக்கிக் கொடுத்துவிடலாமா? கூடாது. அதற்கும் சரித்திரம் உண்டு.

1841-ஆம் வருஷம் ஹாட்ச்கிஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கதவுக் குமிழ் ஒன்றுக்குப் பேட்டண்ட் வாங்கினார்கள். அதுவரை மரத்திலும் உலோகத்திலும் செய்துவந்த குமிழை இவர்கள் களிமண்ணிலும் பீங்கானிலும் செய்தார்கள். குமிழுக்குள் தண்டைப் பொருத்தும் முறை பழையது. பீங்கானும் பழையது. குமிழ் மலிவாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரையில் போயிற்று. 1851-ல் நீதிபதி நெல்சன், தொழில் தெரிந்த ஒரு சாதாரணக் கைவினைஞனுக்கு இருக்கும் சாமர்த்தியத்துக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பேட்டண்டைத் தள்ளிவிட்டார். மூன்றாவது கேள்வி சட்டத்தில் பிறந்தது அந்தக் கதவுக் குமிழில்தான். நீதிபதி உட்பரி மட்டும் ஒப்பவில்லை. பொருள் புதிது, முன்னதைவிட மலிவு, முன்னதைவிட உத்தமம். பிறகு எதற்காகச் சாமர்த்தியத்தை அளந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அடுத்தது பென்சில். பிலடெல்பியாவில் ஹைமன் லிப்மன் என்பவர் 1858-ல், ஒரு முனையில் எழுதும் கரியும் மறுமுனையில் அழிக்கும் ரப்பரும் வைத்த பென்சிலுக்கு உரிமை வாங்கினார். நாலு வருஷம் கழித்து ரெக்கன்டார்பர் என்பவர் அந்த உரிமையை லட்சம் டாலருக்கு வாங்கினார் என்று சொல்வார்கள். வாங்கியவர் பேபர் பென்சில்காரர்மேல் வழக்குப் போட்டார். 1875-ல் சுப்ரீம் கோர்ட் கேட்டது: எழுதும்போது ரப்பர் என்ன உதவி செய்கிறது? அழிக்கும்போது கரி என்ன உதவி செய்கிறது? இரண்டும் ஒரே குச்சியில் குடியிருக்கின்றன, அவ்வளவுதான். ஒன்றின் வேலையை மற்றொன்று மாற்றவில்லை. லட்சம் டாலர் போனது போனதுதான்.

நம் வீட்டு இலையில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இலையில் ஒரு பக்கம் வடை, இன்னொரு பக்கம் தயிர். தொட்டுக்கொண்டு சாப்பிடலாம், ஆனால் வடை வடைதான், தயிர் தயிர்தான். வடையைத் தயிரில் ஊறவைத்தால், இரண்டிலும் இல்லாத மூன்றாவது பண்டம் ஒன்று வருகிறது. கோர்ட் பென்சிலில் தேடியது தயிர்வடையை. கிடைத்தது இலையில் தனித்தனியே வைத்த வடையும் தயிருமே.

ரப்பரிலேயே மறுபக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுத்து ஒழுகும். குளிரில் விறைத்து வெடிக்கும். உஷ்ணம் ரப்பருக்கு எமன் என்று அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். சார்லஸ் குட்இயர் 1839-ல் கந்தகம் சேர்த்த ரப்பரை அந்த உஷ்ணத்திலேயே வாட்டினார். அது உருகாமல் கெட்டிப்பட்டு, பதமான தோல்போல ஆயிற்று. 1844-ல் பேட்டண்ட் கிடைத்தது. 1852-ல் டிரென்டன் நகரத்தில் நடந்த பெரிய வழக்கில், அப்போது அமெரிக்காவின் ராஜாங்க மந்திரியாக இருந்த டானியல் வெப்ஸ்டரே வக்கீலாக வந்து வாதாடி அந்த உரிமையை நிலைநிறுத்தினார். கந்தகமும் பழையது, நெருப்பும் பழையது. ஆனால் தொழில் தெரிந்தவன் எவனும் போகாதே என்று சொல்லும் வழியில் அவர் போனார். அதனால் அது கண்டுபிடிப்பு. பாவம், ஜயித்த மனிதர் 1860-ல் கடனாளியாகவே கண்ணை மூடினார். அவர் காலமாகி வெகு நாளைக்குப் பிறகும் அவருடைய பெயர் கம்பெனிகளின் பெயர்ப் பலகைகளில் வாழ்ந்தது. காரொலைனின் கையுறையைச் செய்த கம்பெனியின் பெயரிலும் அது இருந்ததைப் பார்த்தோம்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நீதிபதிகள் நாளுக்கு நாள் கடுமையானார்கள். 1941-ல், மோட்டார் காரில் சுருட்டுப் பற்றவைக்கும் சாதனம் ஒன்றைப் பற்றிய வழக்கில், நீதிபதி டக்ளஸ், கண்டுபிடிப்பில் மேதையின் பொறி தெறிக்க வேண்டும் என்று எழுதினார். மின்னல் மாதிரி மூளையில் வெட்ட வேண்டுமாம்! பத்து வருஷம் பட்டறையில் புழுங்கிப் படிப்படியாகக் கண்டுபிடித்தவன் என்ன செய்வான்? உரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்ட்டில் செத்து விழுந்தன. நீதிபதி ஜாக்ஸன் 1949-ல் தம் சகாக்களையே இடித்துக் காட்டினார்: இந்தக் கோர்ட்டின் கைக்கு இன்னும் எட்டாத பேட்டண்ட்தான் செல்லுபடியாகும் போலிருக்கிறது என்பது அவர் கேலியின் சாரம்.

1952-ல் காங்கிரஸ் குறுக்கிட்டது. புதிய சட்டம் இரண்டு காரியம் செய்தது. முதலாவது, கண்டுபிடித்த சமயத்தில், அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ளவனுக்கு வெளிப்படையாக இருந்திருக்குமா என்பதே கேள்வி என்று எழுதி வைத்தது. "அந்தச் சமயத்தில்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நீதிபதி காலத்தில் பின்னோக்கி நடந்து, விடை தெரியாத நாளில் போய் நிற்க வேண்டும். இரண்டாவது, மின்னலாக வந்ததோ வியர்வையாக வந்ததோ, வந்த விதத்தைப் பற்றிக் கேட்காதே என்றது.

பின்னோக்கி நடப்பது எப்படி? 1966 பிப்ரவரி 21-ஆந் தேதி, கலப்பை ஒன்றைப் பற்றிய வழக்கில் நீதிபதி கிளார்க் வழி சொன்னார். முன்னால் என்னென்ன இருந்தன? அவற்றுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை என்பது எவ்வளவு? இவற்றைச் சாட்சியத்தால் தீர்மானிக்க வேண்டும். கூடவே, இந்தப் பொருளுக்காக உலகம் நெடுநாள் ஏங்கியதா, பிறர் முயன்று தோற்றார்களா, வந்தபின் ஜனங்கள் விரும்பி வாங்கினார்களா என்றும் பார்க்கலாம் என்றார்.

கலப்பைக்காரர் தோற்றார். ஆனால் அன்றே, அதே கோர்ட்டில், ஆடம்ஸ் என்பவர் ஜயித்தார். அவர் செய்தது தண்ணீர் ஊற்றினால் வேலை செய்யும் ஒரு மின்கலம். மக்னீஷியமும் செம்புக் குளோரைடும் தனித்தனியே தெரிந்த சரக்குகள்தாம். ஆனால் அவற்றைச் சேர்த்தால் உதவாது என்று நம்பக் காரணங்கள் இருந்தன. யுத்த காலத்தில் அவர் ராணுவத்திடம் கொண்டுபோய்க் காட்டியபோது நிபுணர்கள் நம்பவில்லை. பிறகு அதே ராணுவம் அவரிடம் சொல்லாமலே அதைச் செய்து உபயோகித்துக்கொண்டது! வழக்கு வந்ததும், "இது யாருக்கும் தெரிந்ததுதானே?" என்றது சர்க்கார். அன்றைக்கு நடக்காது என்றவர்கள், இன்றைக்கு எவருக்கும் தோன்றும் என்கிறார்களே என்று கோர்ட் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

2007-ல் தராசு கொஞ்சம் மறுபுறம் சாய்ந்தது. கார் மிதியில் மின்னணு உணர்கருவியைப் பொருத்திய வழக்கில் நீதிபதி கென்னடி, சாதாரணத் தொழிலாளி என்றால் சாவி கொடுத்த பொம்மை அல்ல, அவனுக்கும் ஓரளவு கற்பனை உண்டு என்று நினைவூட்டினார். தேவை கண்முன் இருந்து, வழிகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்தால், அவன் ஒவ்வொன்றாக முயன்றுபார்ப்பான். அப்படிக் கிடைத்ததற்கு ஏகபோகம் இல்லை.

இப்போது கையுறைக்கு வருவோம். 1980-களில் எய்ட்ஸ் நோயின் பயம் ஆஸ்பத்திரிகளைப் பிடித்தது. எல்லா நோயாளிகளின் ரத்தத்தையும் ஆபத்தானதாகவே கருத வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 1987-ல் சொல்லிற்று. கையுறை ஊசி பட்டுக் கிழிந்தால், அணிந்தவருக்கே தெரியாமல் ரத்தம் உள்ளே வந்துவிடலாம். உறையிலேயே கிருமிநாசினி இருந்தால் நல்லதல்லவா? குளோர்ஹெக்ஸிடின் என்ற மருந்து 1950-களிலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. டாக்டர்கள் அதில் கை கழுவிவிட்டுத்தான் கையுறையை மாட்டுகிறார்கள். மருந்தும் உறையும் ஏற்கெனவே ஒரே கையில் சந்தித்தாயிற்று. "இது பென்சில் கதைதான்" என்பார் எதிர்க்கட்சி வக்கீல்.

கண்டுபிடித்தவரின் வக்கீல் எழுந்து நம்மை ரப்பர்த் தொழிற்சாலைக்கு அழைத்துப் போவார். இன்று உலகத்தின் கையுறைகளில் கணிசமான பகுதி மலேசியாவில் தயாராகிறது. நம் தமிழர்கள் ஒரு காலத்தில் கப்பலேறிப் போய்ப் பால் வெட்டிய ரப்பர் மரங்களின் நாடு அது. பீங்கானால் செய்த கை உருவத்தைச் சுண்ணாம்புச் சத்துள்ள உப்புக் கரைசலில் முக்கி, பிறகு ரப்பர்ப் பாலில் முக்குவார்கள். பால் அதன்மேல் ஆடையாகப் படியும். வெந்நீரில் அலசிக் கரையக்கூடிய கழிவுகளைப் போக்குவார்கள். அடுப்பில் வாட்டிக் கந்தகத்தால் பதப்படுத்தி, உரித்தெடுப்பார்கள்.

இதில் மருந்தை எங்கே சேர்ப்பது? ரப்பர்ப் பாலின் துகள்கள் எதிர் மின்னூட்டம் உள்ளவை. குளோர்ஹெக்ஸிடின் நேர் மின்னூட்டம் உள்ளது. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் என்ன ஆகும் என்பது எந்த வீட்டு அம்மாளுக்கும் தெரியும். அதுபோல ரப்பர்ப் பாலும் திரிந்துபோகும். அலசுவதற்கு முன்பு சேர்த்தால் வெந்நீரோடு போய்விடக்கூடும். ரப்பருக்குள்ளே நன்றாகச் சிறைப்பட்டுவிட்டால், ஊசி குத்திய நிமிஷத்தில் மருந்து வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதிகமாகச் சேர்த்தால் உறை பலவீனப்படலாம். மணிக்கணக்கில் மருந்து தோலில் பட்டால் கை புண்ணாகலாம். காரொலைன் ஹாம்ப்டனின் கையைக் கிருமிநாசினியிலிருந்து காப்பாற்றப் பிறந்த உறைக்குள்ளேயே கிருமிநாசினியைக் கொண்டுவந்து வைப்பது லேசான காரியமா?

இரண்டு வக்கீல்கள் சொல்வதும் உண்மைதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது தெரியுமா? ஒருவர் டாக்டரின் கண்ணால் பார்க்கிறார். மற்றவர் ரப்பர் ரசாயனியின் கண்ணால் பார்க்கிறார். மருந்துள்ள உறை வேண்டும் என்ற ஆசை டாக்டருக்கு வெளிப்படை. அதைச் செய்யும் வித்தை ரசாயனிக்கு வெளிப்படை அல்ல. ஆகையால், "இது வெளிப்படையா?" என்று கேட்குமுன், "நீ கேட்பது எவ்வளவு?" என்று விண்ணப்பக்காரரைக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

"கிருமிநாசினி உள்ள ரப்பர் கையுறை எதுவானாலும் என்னுடையது" என்று அவர் கேட்டால் கொடுக்கக் கூடாது. அந்த ஆசை பொதுச் சொத்து. ஆசைக்கு வேலி போட்டால், அதைவிட நல்ல வழியில் அதே இடத்தை அடையப் போகும் இன்னொருவனுக்கும் கதவு சாத்தப்படும். தயாரான உறையை மருந்தில் முக்கி உலர்த்தினேன், எதிர்பார்த்தபடியே கிருமி செத்தது என்றாலும் கொடுக்கக் கூடாது. அது கதவுக் குமிழ். "பால் திரியாமல், அலசலில் போகாமல், ஊசி குத்திய உடனே மருந்து வெளிவரும்படி, தோலையும் கெடுக்காமல் இந்த முறையில் செய்தேன்" என்று கேட்டால், அன்றைய ஏடுகளை எடுத்துப் பார்க்க வேண்டும். இது கூடாது, நடக்காது என்று தொழில் தெரிந்தவர்கள் எழுதியிருந்தால் அது ஆடம்ஸின் மின்கலம். அந்த முறையை, அந்த முறையை மட்டும், அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அலட்சியமாக இருக்க முடியாது. தவறாகக் கொடுத்த உரிமைக்கு ஆஸ்பத்திரிகள் கையுறைக்குக் கையுறை விலை கொடுக்கும். அந்தச் செலவு கடைசியில் நோயாளியின் தலையில் விடியும். தவறாக மறுத்தால், அடுத்த தடவை எந்தத் தொழிற்சாலையும் பத்து வருஷம் பணத்தைக் கொட்டிப் பரீட்சை செய்யத் துணியாது.

பிளட்குட் செய்ததை நினைத்துப் பாருங்கள். மேஜைமேல் கிடந்த உறையை நாள் தவறாமல் மாட்டிக்கொண்டார். அதற்கு எந்த நாட்டுப் பேட்டண்ட் சட்டமும் உரிமை கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. ஆனால் எத்தனை உயிர்கள் அதனால் பிழைத்தன! பேட்டண்ட் என்பது உபகாரத்துக்குப் போடும் மாலை அல்ல. தொழில் தெரிந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்ற ஒரு சுவரில் வாசல் வைத்தவனோடு சமூகம் செய்துகொள்ளும் வியாபாரம் அது. வாசல் வந்துவிட்ட பிறகு எல்லாரும் அதன் வழியாகச் சாதாரணமாக நடந்து போவோம். நீதிபதியும் அப்படித்தான் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். வந்த வழியில் முன்பு சுவர் இருந்ததா, எவ்வளவு உயரம் இருந்தது என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம்.